அறுநூற்றில் நின்ற பிடி

நவம்பர் 4, திங்கள்

காபெஸ் போகும் 31ஆம் எண் பேருந்தின் பின்பக்க இடது சக்கரம் நேற்று ஸ்கீரா ஊர் தாண்டி ஆடியிருக்கிறது. ஓட்டுநர் ஹம்மாதி இறங்கிப் பார்த்தபோது பத்து நட்டில் நான்கு, விரலால் திருப்பினாலே சுழன்றன. உள்ளே நாற்பத்திரண்டு பேர். நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை.

அந்தச் சக்கரத்தைச் சனிக்கிழமை மாட்டியவன் நான். முறுக்கின் அளவை வைத்தால் அது வந்ததும் தட்டுகிற டார்க் ரெஞ்ச், அறுநூறு நியூட்டன் மீட்டரில் இருந்தது. பத்து நட்டையும் 'டக்' என்று தட்டும்வரை முறுக்கினேன். பணிமனைத் தலைவர் நூரி எல்லார் முன்னாலும் கேட்கிறார்: "என்ன ஷெத்லி, ஒரு கையில சிகரெட்டு, ஒரு கையில ரெஞ்சா?"

இருபத்திரண்டு வருஷம். ஒரு நட்டு கழன்றதில்லை. என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி!

"நான் சரியாத்தான் முறுக்கினேன். ஓட்டுநர்தான் பாக்கல, ஐம்பது கிலோமீட்டர்ல நிறுத்தி மறுபடி பாக்க வேண்டியது அவன்" என்றேன். கோபத்தில் சொன்னது. விதியும் அதுதான்.

நவம்பர் 5

ஹம்மாதியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி விசாரணை. வழியில் நட்டுகளைப் பார்க்கவில்லை என்று முடிவானால் வேலையே போய்விடும். நூரி எழுதியிருக்கும் ஒரே சான்று நேற்று நான் சொன்ன வாக்கியம்.

வாசலில் ஹம்மாதி என்னை மறித்தான். "ஐம்பதாவது கிலோமீட்டர்ல, மஹ்ரஸ் தாண்டி நிறுத்திப் பாத்தேன்டா. கைச்சாவிக்கு ஒண்ணும் அசையல, வல்லாஹி, சத்தியமா. நீ எப்படா நூரி மடியில போய் உக்காந்தே?"

நான் யார் மடியிலும் உட்காரவில்லை.

நவம்பர் 6

நான் சரி. ஹம்மாதி பொய் சொல்கிறவன் அல்ல. அப்படியென்றால் மூன்றாவது ஒன்று பொய் சொல்கிறது.

வேறொரு பேருந்தில் ரெஞ்ச் தட்டிய நட்டை நீளக் கம்பி போட்டு இழுத்துப் பார்த்தேன். இன்னும் கால் சுற்று போனது. கால் சுற்று!

நேராகச் சாமான் அறைக்குப் போனேன். பொறுப்பாளர் ராத்தியா ரெஞ்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். டக்.

"தட்டுதே அண்ணே."

"தட்டுது. ஆனா சீக்கிரமே தட்டுது."

"சீக்கிரம்னு ஒரு கட்டம் இந்தப் படிவத்துல இல்லையே. உடஞ்சுது, வளஞ்சுது, தொலஞ்சுது. மூணுல ஒண்ணு சொல்லுங்க, புதுசு கேட்டு எழுதறேன்."

உடைத்தால் புதிது கிடைக்கும். ரெஞ்ச் பொய் சொன்னால் கிடைக்காது. என்ன ஒரு படிவம்!

இதை இந்தக் கதிக்கு ஆக்கியது யார் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் ஷிஃப்ட் அனீஸ். அடம்பிடிக்கிற நட்டைக் கழற்றக்கூட ரெஞ்சைக் கடப்பாரை மாதிரி போடுகிற ஆள். ஆளாளுக்கு எண்ணை மாற்றி வைக்கிறார்கள் என்றுதான் இரண்டு வருஷம் முன்பு நான், திருகி எண் வைக்கிற பிடியை அறுநூற்றில் நிறுத்திக் கறுப்பு டேப் சுற்றி, சிவப்புப் பெயிண்டில் என் பெயரையும் எழுதினேன். அப்படியும் கீழே போட்டிருக்கிறான், பாவி.

நவம்பர் 7

அனீஸிடம் கேட்டுவிட்டேன். "உங்க பேரு எழுதின சாமானை நான் எதுக்குண்ணே தொடப்போறேன்? அதுக்கு ஸலாம் சொல்லிட்டுத்தான் தாண்டியே போறேன்" என்கிறான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நவம்பர் 9, சனி

பக்கத்துச் செக்கில் ஒலிவ் மூட்டைகள் மலையாகக் கிடக்கின்றன. எடை போடும் தராசும் அங்கேதான். இரண்டு மூட்டையும் பீப்பாய் அளவுக்கு ஒரு காலி வாளியும் கேட்டு வாங்கி வந்தேன்.

ரெஞ்சின் தலையைப் பட்டறை இடுக்கியில் பிடித்துப் பிடியைக் கிடையாக நிறுத்தினேன். தலையிலிருந்து சரியாக ஒரு மீட்டரில் வாளியைத் தொங்கவிட்டேன். அறுநூறு என்றால் அறுபத்தோரு கிலோவுக்குத் தட்ட வேண்டும். ராத்தியாவைக் கூப்பிட்டு நிறுத்தினேன். அவள் கையாலேயே ஒலிவைக் கொட்டினாள்.

டக்.

தராசில் வைத்தோம். வாளியோடு நாற்பத்தொன்பது கிலோ. மூன்று தடவை செய்தோம். மூன்றும் நாற்பத்தொன்பதை ஒட்டியே.

ராத்தியா படிவத்தை எடுத்தாள். 'உடைந்தது' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: "பன்னிரண்டு கிலோ பொய் சொல்கிறது." கையெழுத்தும் போட்டாள்.

நவம்பர் 11, திங்கள்

நூரியிடம் காகிதத்தை நீட்டினேன். "ஒலிவ் வெச்சு டார்க் பாத்தியா? அடுத்து ஹரீஸா மிளகா விழுது வெச்சு டயர்ல காத்து பாப்பியா?" என்றார். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. அந்த ரெஞ்சில் நான் முறுக்கிய பேருந்துகள் பதினேழு ஓடிக்கொண்டிருக்கின்றன.

இரவல் ரெஞ்ச் வந்தது. ஒவ்வொன்றாக நிறுத்தி முறுக்கினோம். யாரும் கூப்பிடாமல் அனீஸ் வந்து மறுபக்கம் பிடித்தான். குற்றவாளிக்கு உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 12

ரெஞ்ச் துனிஸ் சோதனைக்கூடத்துக்குப் போனது. கீழே போட்டதா, கடப்பாரையாக ஆக்கியதா, எழுத்தில் வரட்டும். அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டப்போகிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

சோதனைக்கூடத்துக்காரர் போன் செய்தார். நிதானமான குரல்.

"இந்த டேப்பு யாருங்க சுத்தினது?"

"நான்தான். யாரும் எண்ணை மாத்தக் கூடாதுன்னு."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா உள்ள ஸ்பிரிங் அமுங்கியே கிடந்திருக்குங்க. வேலை முடிஞ்சதும் அடி எண்ணுக்கு எறக்கி வைக்கணும். இல்லன்னா தளந்துபோயி சீக்கிரமே தட்டும். மத்தபடி விழுந்த தடம் கிடையாது, பிடி வளையல. ரொம்ப அருமையா வெச்சிருக்கீங்க."

அருமையாக.

நவம்பர் 16

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 17

காகிதம் வந்துவிட்டது, இரண்டு பக்கம்; டேப் விஷயம் இரண்டாவதில். "ரெஞ்ச் பழுதுன்னு முதல் பக்கமே சொல்லுது. அது போதும், ஹம்மாதி தப்பிச்சுடுவான். ரெண்டாம் பக்கத்தை ஏன் காட்டணும்?" என்கிறார் நூரி. எனக்கு நல்லது செய்வதாக நினைப்பு. முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தால் எல்லாரும் யாரை நினைப்பார்கள்? நான் பத்து நாளாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்த பெயரைத்தான்.

நவம்பர் 18, திங்கள்

இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன். டேப் சுற்றியது நான் என்று அனீஸ் இருக்கும்போதே சொன்னேன். ஓட்டுநரைப் பற்றி நான் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் என்றும் சொன்னேன். ஹம்மாதிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை.

வெளியே வந்ததும் அனீஸ், "ரெஞ்சுக்கு இனிமே ஸலாம் சொல்லணுமா அண்ணே, வேணாமா?" என்றான். மன்னிப்புக் கேட்டேன். சரியாக வரவில்லை. இரண்டாவது தடவை கேட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

புது ரெஞ்ச் வந்தது. "பேரு எழுத பெயிண்ட் தரட்டுமா அண்ணே?" என்று ராத்தியா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஹம்மாதிக்கு மறுபடி காபெஸ் வண்டி. நான் பத்தையும் முறுக்கி முடிக்கும்வரை கை கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். "நானும் ஒண்ணு இழுத்துப் பாக்கட்டுமா?" என்றான். மூன்று வாரம் முன்பென்றால் கத்தியிருப்பேன். ரெஞ்சை அவன் கையில் கொடுத்தேன். இழுத்தான். நட்டு நகரவில்லை. டக்.

பத்தரைக்குப் போன் வந்தது. "மஹ்ரஸ் தாண்டி நிக்கிறேன். பத்தும் நிக்குது." வைத்துவிட்டான்.

ஐந்து மணிக்குப் பிடியை அடி எண் வரை இறக்கிப் பெட்டியில் வைத்தேன். அனீஸ் பெட்டியைத் திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு மூடினான். பார்க்கட்டும்.