அலமாரி மூலையில் விட்டுவந்தவர்

மார்ச் 3, செவ்வாய்

சுற்றுலா சீசனுக்கு இன்னும் பதினெட்டு நாள். நானும் தம்பியும் படகை எடுத்துக்கொண்டு தீவின் பின்பக்கம் போனோம், நீந்துவதற்குத் தோதாகப் புது மூலை தேடி. போன வருஷம் வந்தவர்களே இந்த வருஷமும் வருகிறார்கள். அதே நாலு மூலையைக் காட்டினால் கொட்டாவி விடுவார்கள்.

முதலில் பார்த்த இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் பார்த்தால் கறுப்பு கறுப்பாக முள்ளுருண்டை. ஒருத்தர் கால் வைத்தால் போதும், ஊர் முழுக்க நம் பேச்சுதான். இரண்டாவது இடத்தில் ஆரஞ்சுத் தோலைப் போட்டுப் பார்த்தேன். நேராக வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது. வேண்டாம்.

மூன்றாவது அருமை. பாறை உள்வளைந்து அலை அடங்கின இடம். நல்ல மணல். ஓரத்தில் பாறை தட்டுத் தட்டாக ஏறுகிறது. "அலமாரி மாதிரி இருக்குக்கா" என்றான். பெயர் வைத்தாயிற்று. ஒரே குறை, கடல் ஏறும்போது மணல் முழுக்க முங்கிவிடும். ஒன்றரை மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்.

ஆழம் பார்க்கிற ஈயக்குண்டை வழக்கம்போலக் கரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி ஆழம் பார்த்தோம். தலை கழுத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அதையாவது மறக்காமல் கொண்டுவருகிறாய் என்றேன். சிரிக்கிறான். இருபத்தொன்பது வயசு.

மார்ச் 8, ஞாயிறு

ஏணிக்குப் புதுக் கயிறு. தம்பி பெயிண்ட் டப்பாவை மூடாமல் விட்டு எல்லாம் காய்ந்துவிட்டது. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

மார்ச் 21, சனி

முதல் பயணம். இருபத்திரண்டு பேர். அலமாரியை எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

எனக்கு ஒரு நல்ல யோசனை பிடிபட்டது. தண்ணீரில் இறங்குகிறவர்கள் செருப்பைப் பின்பக்கம் நீலப் பெட்டியில் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். ஏறினதும் முதல் வேலையாக அதை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள், தளம் அப்படிச் சுடுகிறது. ஆக, பெட்டி காலி என்றால் எல்லோரும் ஏறியாச்சு. ஈரத் தலைகள் ஒரு இடத்தில் நிற்பதில்லை, எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் இடம் மாறிவிடுகிறார்கள்.

தம்பியிடம் சொன்னேன். "தலையையும் எண்ணிடுக்கா" என்றான். யார் யாருக்குப் புத்தி சொல்வது என்று ஒரு விவஸ்தை இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

எப்படி எழுதுவது.

பத்தொன்பது பேர். பதினெட்டுப் பேர் ஒரே ஆபீஸ், ஒரே சத்தம். ஒருத்தர் மட்டும் தனி. அறுபதைத் தாண்டியவர், கடிகாரம் ரிப்பேர் செய்கிறவராம். சொந்தமாக ரப்பர் ஷூ கொண்டுவந்திருந்தார். "இதைக் கழட்டணுமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். "வேண்டாம் சார், பாறை குத்தும், போட்டுட்டே இறங்குங்க" — நானேதான் சொன்னேன். என் வாயால்.

ஒன்று இருபதுக்குப் பெட்டியைப் பார்த்தேன். காலி. "எல்லாரும் வந்தாச்சு, எடுடா" என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு மூலை. சிரிப்பு, பாட்டு. மூன்று நாற்பதுக்குக் கரையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு பெஞ்சுக்கு அடியில் ஒரு பை கிடந்தது. அதில் ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு மாத்திரை அட்டை. அந்தக் கடிகாரக்காரர் இறங்கிப் போனதை நான் பார்க்கவே இல்லை, படகைத் திருப்பச் சொன்னேன்.

அங்கே போய்ச் சேர ஐம்பது நிமிஷம். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

மணல் இல்லை. முழுக்கத் தண்ணீர். அவர் இரண்டாவது தட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வரை கடல். உதடு நீலம். பாறையைச் சுற்றி அந்தப் பக்கம் நீந்திவிட்டு வந்து பார்த்தால் படகைக் காணோமாம். ஏற்றி, போர்வை சுற்றினோம். கையைத் திருப்பிக் கடிகாரத்தைக் காட்டினார். "மூணு மணி நேரம், பதினோரு நிமிஷம். பேனா இருந்திருந்தா கம்ப்ளெயிண்டை அங்கேயே எழுதி முடிச்சிருப்பேன். யாருய்யா இங்க ஆளை எண்ணுறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "நான்தான் சார்" என்றான்.

ஏப்ரல் 6, திங்கள்

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"பெர்மிட் உன் பேர்ல இருக்கு. ஓனர் தப்புன்னா படகைக் கட்டிப்போட்டுடுவாங்க. டிரைவர் தப்புன்னா என் லைசென்ஸ் மட்டும்தான். வேற ஆளை வச்சு நீ ஓட்டலாம்ல? இதுல பாசமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. நீ சும்மா இரு."

சும்மா இருந்தேன். கம்ப்ளெயிண்ட் துறைமுக அதிகாரியிடம் போய்விட்டது, அவர் முன்னால் தப்பு தன்னுடையது என்று அவன் கையெழுத்துப் போடும்போதும் சும்மாதான் நின்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

ஒருத்தர்கூட "அவனா?" என்று கேட்கவில்லை. டீக்கடைக்காரர், டீசல் போடுகிறவர், பக்கத்துப் படகுக்காரர் — எல்லோருக்கும் கேட்ட உடனே புரிந்துவிட்டது. அம்மா: "எனக்குத் தெரியும்டா, நீ என்னைக்காவது இப்படி ஒண்ணு இழுத்து வைப்பேன்னு."

எப்படித் தெரியும்? நான் சொல்லித்தான். இத்தனை வருஷமாக ஈயக்குண்டு, டப்பா, சாவி என்று ஊர் கேட்க அவனைத் திட்டினது நான்தானே.

ஏப்ரல் 9, வியாழன்

அவன் லைசென்ஸ் மூன்று மாசத்துக்கு நிறுத்தம். நாளையிலிருந்து வாடகை டிரைவர்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நீலப் பெட்டியைக் குப்பையில் போட்டேன். தலையைத்தான் எண்ணுகிறேன், மூன்று தடவை. வாடகை டிரைவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்க்கிறான்.

கூட்டமாக வந்தவரைக் கூட்டம் தேடும். அந்த மனுஷர் தனியாக வந்தவர். அவரைத் தேட அங்கே நான் ஒருத்திதான் இருந்தேன்.

ஏப்ரல் 15, புதன்

அம்மா தம்பியிடம், சமையல் கேஸை மூடினாயா என்று கேட்டாள். மூடினேன் என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அப்புறம் மறுபடியும். மூன்று தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முன்பெல்லாம் சிரிப்பான்.

என்னால் முடியாது.

ஏப்ரல் 16, வியாழன்

போனேன். "அன்னிக்கு எண்ணினது நான். தலையை எண்ணல, செருப்பை எண்ணினேன். என் தம்பி பொய் சொன்னான், நான் பேசாம நின்னேன்" என்றேன். துறைமுக அதிகாரி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "தம்பிக்காகச் சொல்றீங்களாம்மா?" இல்லை என்றேன். "எதுக்கும் எழுதிக் குடுங்க." இரண்டு பக்கம் எழுதினேன். பொய் சொன்னதற்காக அவனுக்கு ஒரு எச்சரிக்கை, லைசென்ஸ் திரும்பி வரும். படகுக்கு ஜூன் முடிய தடை.

ஏப்ரல் 17, வெள்ளி

தம்பி கத்தினான். அவன் கத்தி நான் பார்த்ததில்லை.

"இருந்த ஒரு படகும் போச்சு! யாரைக் கேட்டுப் போய்ச் சொன்னே?"

"உனக்காகத்தான்டா."

"எனக்காக இல்ல. உன்னால தாங்க முடியல. அதுக்காகப் போய்ச் சொன்னே."

உண்மையைச் சொல்லிவிட்டான்.

ஏப்ரல் 20, திங்கள்

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. யாரும் என்னை நம்பவில்லை!

அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம்: "தம்பிக்காகப் பழியைத் தன் தலைல போட்டுக்கிட்டா. படகையே குடுத்துட்டா என் பொண்ணு." அம்மா, நிஜமாகவே நான்தான் என்றேன். "எனக்குத் தெரியாதா உன்னை?" என்று கன்னத்தைத் தடவுகிறாள். டீக்கடைக்காரர் எழுந்து நின்று டீ கொடுக்கிறார். நல்லவேளை, மாலை போடவில்லை.

ஏப்ரல் 24, வெள்ளி

லைசென்ஸ் வந்துவிட்டது. தம்பி பெரிய படகுக்காரரிடம் வேலை கேட்டுப் போனான். "அக்கா தலைல பழியைக் கட்டினவன் எனக்கு வேணாம்" என்றாராம். அவன் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

நேரே போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். உட்காரவைத்து உபசாரம் செய்தார். "உங்களை மாதிரி ஒரு அக்கா எனக்கு இல்லாமப் போச்சேம்மா." அழுகையும் வந்தது, அந்த ஆளை அறையலாம் போலவும் வந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

மே 19, செவ்வாய்

தம்பி அடுத்தவர் என்ஜின்களைக் கழுவிக்கொண்டிருக்கிறான். என்னோடு பேசுகிறான், வேலை விஷயம் மட்டும்.

ஜூன் 11, வியாழன்

கடிகாரக்காரரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு கண்ணில் லென்ஸோடு நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. ஷூவைப் பத்தி உங்ககிட்டதானே கேட்டேன்? கம்ப்ளெயிண்ட்லயும் 'அந்தப் பொம்பளை'ன்னுதான் எழுதினேன். அங்க யாரும் படிச்ச மாதிரி தெரியல."

மன்னித்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஜூலை 4, சனி

தடை முடிந்து முதல் பயணம். பன்னிரண்டு பேர். தம்பி ஸ்டியரிங்கில். அம்மா சாப்பாட்டோடு படகுத்துறைக்கு வந்திருந்தாள்.

முன்வரிசையில் ஒரு அம்மாள் வீட்டுக்காரரிடம் காதைக் கடித்தாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இவன்தாங்க ஒருத்தரை விட்டுட்டு வந்தவன். அந்தப் பொண்ணு பாவம்." தம்பி காதில் விழுந்தது. என்ஜினைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

நான் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். திட்டம் போட்டெல்லாம் இல்லை.

"ஏம்மா, விட்டுட்டு வந்தது நான். இவன் இல்ல. பெட்டில செருப்பு இல்லைன்னு பாத்துட்டுப் படகை எடுக்கச் சொன்னேன். அந்த மனுஷர் ஷூவோட இறங்கினவர், அப்படி இறங்கச் சொன்னதும் நான்தான். 'தலையையும் எண்ணுக்கா'ன்னு இவன் முன்னாடியே சொன்னான், நான் கேக்கல. பழியை இவன் மேல போட்டுட்டுப் பத்து நாள் வாயை மூடிட்டு இருந்தேன். இன்னிக்கும் எண்ணப்போறது நான்தான். பயமா இருக்கிறவங்க இறங்கிக்கலாம்."

நாலு பேர் இறங்கினார்கள். அந்த அம்மாளும் வீட்டுக்காரரும் அதில் சேர்த்தி.

அம்மா கயிறு கட்டுகிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். சாப்பாட்டுக் கேரியரை எப்போதும் என்னிடம்தான் தருவாள், அவன் எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுவான் என்று. இன்றைக்கு என்னைத் தாண்டிப் போய் அவன் கையில் கொடுத்துவிட்டு, மூடி சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் திரும்பி நடந்தாள்.