நீ நலமாகத்தான் இருப்பாய்

அடி அண்ணாமலை
16.4.2023

அன்புள்ள கலா,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய்.

போனில் பேசினால் ரெண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது, இனிமேல் எதுவானாலும் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு நேரம் பேனா பிடித்ததில்லை. கை வலித்தால் அதற்கும் நீதான் வைத்தியம் சொல்ல வேண்டும்.

வலது முட்டி மறுபடியும் படுத்துகிறது. செங்கம் ரோட்டில் நாம் இருவரும் பைக்கோடு விழுந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்னும் ஆட்டோ பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ நறுக்கென்கிறது. நீ இருந்தவரை தினமும் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தாய். நீ பாண்டிச்சேரிக்கு பிஸியோ வேலைக்குப் போனதிலிருந்து இந்த முட்டியைக் கேட்பாரில்லை. ஆசிரமத்துப் பக்கம் சவாரி ஏறிய ஒரு வெள்ளைக்காரம்மா என்னைத் தலைகீழாக நிற்கச் சொல்கிறாள். "காலே நிக்கல, தல எங்க நிக்கும்"னு சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

நீ போனதற்குக் காரணம் என் வாய்தான். படுத்துக் கிடந்த ஆறு மாதமும் உன்மேல் எரிந்து விழுந்தேன். அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. கல்யாணமான வருஷத்திலிருந்து கார்த்திகை தீபத்தன்று ஒன்றாகத்தான் மலையைச் சுற்றினோம். இந்தத் தீபத்துக்கு வா. நான் நொண்டாமல் உன்னோடு நடந்துவிட்டால் நீ வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சரியா?

உன்,
முருகவேல்


புதுச்சேரி
24.4.2023

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு தடவை படித்தேன்.

சித்திரை வெயிலில் பயிற்சியை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைத் தரையோடு அழுத்திப் பிடித்து மெதுவாக விட வேண்டும். வியர்வையில் உப்பு போனால் ஆடுசதை பிடித்துக்கொள்ளும். சவாரிக்குப் போகும்போது உப்புப் போட்ட மோர் எடுத்துப் போங்கள். வெயில் காலத்தில் வலி கம்மியாகத்தான் இருக்கும். சரியாகிவிட்டது என்று உடனே துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா? வெயிலில் விட்டுவிட்டால் மழையில் அழ வேண்டி வரும்.

இங்கே கடற்காற்று, எப்போதும் ஈரம். நான் இருக்கும் வீடு மாடியில். கீழ்வீடு காலியானால் மாறிவிடலாம் என்றிருக்கிறேன், படியேற முடியவில்லை.

நீங்கள் திட்டியதற்காக நான் இங்கே வந்துவிடவில்லை. அது வேறு விஷயம். நேரில் சொல்கிறேன். தீபத்துக்கு வருகிறேன், நீங்கள் கேட்டது நடக்க வேண்டும் என்றுதான் எனக்கும் இருக்கிறது.

உங்கள்,
கலா


அடி அண்ணாமலை
28.7.2023

அன்புள்ள கலா,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய்.

நீ வருகிறேன் என்று எழுதியதைப் படித்ததும் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். துண்டை விடவே இல்லை. இப்போது ஆடிக்காற்று. நீ பழக்கிவிட்டபடி வாசலில் ஒற்றைக் காலில் நிற்கிறேன். காற்று ஒரு பக்கம் தள்ளுகிறது, நான் மறுபக்கம் சாய்கிறேன். ஸ்டாண்டில் என்னோடு ஓட்டுகிற பலராமன் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, ஒத்தக்கால்ல தவமா? சாமி வருதோ இல்லியோ, அண்ணி வந்துடும்"னு சொல்லிவிட்டுப் போனான். முட்டியில் அந்த நறுக் சத்தம் நின்றுவிட்டது.

கீழ்வீட்டுக்கு மட்டும் மாறாதே. மழை வந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். மாடிதான் காற்றோட்டம். தீபத்துக்குப் பிறகு நீ அங்கே இருக்கப்போவதும் இல்லை.

உன்,
முருகவேல்


புதுச்சேரி
25.10.2023

அன்புள்ள மாமாவுக்கு,

ஐப்பசி மழையில் மூட்டு இறுகும். தவிட்டைத் துணியில் கட்டிச் சூடுபண்ணி ஒத்தடம் கொடுத்த பிறகுதான் காலை மடக்க வேண்டும். ஈரத் தரையில் ஒற்றைக் கால் வேண்டாம், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் போதும். வெளியே நடக்க முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். வருஷம் முழுக்க உடம்பை ஒரே மாதிரி நடத்த முடியாது, பருவத்தைப் பார்த்துத்தான் வேலை வாங்க வேண்டும்.

நான் கீழ்வீட்டுக்கு மாறிவிட்டேன். இந்த ஈரத்தில் எனக்கும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நோயாளிகளைக்கூட உட்கார்ந்தபடியே பார்க்கிறேன்.

தீபத்தன்று என்னால் முழுச் சுற்றும் நடக்க முடியாது மாமா. மலை சுற்றுகிற வழியில் எமலிங்கம் கோயிலுக்கு எதிரே ரோட்டோரம் ஒரு குட்டைச் சுவர் இருக்குமே, அங்கே இருக்கிறேன். அங்கிருந்து முடிந்தவரை சேர்ந்து நடக்கலாம்.

உங்கள்,
கலா


அடி அண்ணாமலை
8.11.2023

அன்புள்ள கலா,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய்.

முழுச் சுற்றும் முடியாதா? லீவு தரமாட்டேன் என்கிறார்களா? பரவாயில்லை, எமலிங்கத்துக்கு வந்து என் நடையைப் பார்த்தால் உன் மனசு மாறிவிடும். எப்போதும் நீதான் பத்தடி முன்னால் போய், "வாங்க மாமா, ஊரே போய்டுச்சி"னு திரும்பித் திரும்பிக் கூப்பிடுவாய். இந்தத் தடவை நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் ஓடி வா.

உன்,
முருகவேல்


அடி அண்ணாமலை
27.11.2023

கலா,

நீ வரவில்லை.

எமலிங்கத்துக்கு எதிரே நேற்று சாயங்காலம் முழுக்க நின்றேன். தீபம் ஏறி, கூட்டம் மொத்தமும் அரோகரா என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டபோதுகூட நான் மலையைப் பார்க்கவில்லை. நடந்து வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். வேகமாக வருகிற பெண்ணையெல்லாம் நீ என்று நினைத்தேன். கடைசியில் தனியாக நடந்தேன். கால் வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வர இஷ்டமில்லை என்றால் முன்பே சொல்லியிருக்கலாம்.

முருகவேல்


புதுச்சேரி
2.12.2023

அன்புள்ள மாமாவுக்கு,

நான் வந்தேன். உங்களுக்குப் பின்னால் அந்தக் குட்டைச் சுவரில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்தீர்கள். ஒரு தடவை என் கைத்தடி நழுவி உங்கள் குதிகாலில் விழுந்தது. குனிந்து எடுத்து, ரோட்டைப் பார்த்தபடியே பின்னால் நீட்டினீர்கள். "பாத்து வெச்சிக்கம்மா, கூட்டத்துல யாருனா வுழுந்துடப் போறாங்க"னு சொன்னீர்கள். வாங்கிக்கொண்டேன். முட்டி நன்றாக மடங்குகிறது என்று அப்போதுகூட கவனித்தேன். தொழில் புத்தி.

கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பீர்கள். நான் கூப்பிடாமல் ஒரு தடவை நீங்களாகத் திரும்ப வேண்டும் என்றிருந்தது. நீங்கள் வேகமாக நடக்கிற ஒருத்தியைத் தேடினீர்கள். அவள் இப்போது இல்லை மாமா.

செங்கம் ரோட்டில் அன்றைக்கு நானும்தான் விழுந்தேன். நான் எழுந்து உங்களைத் தூக்கியதால் எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு செய்துவிட்டீர்கள். அந்த இடுப்போடுதான் ஆறு மாதம் உங்கள் காலைத் தூக்கிப் பயிற்சி கொடுத்தேன். "உனக்கு எங்கடி பட்டுது"னு நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தான். கட்டினவருக்கு இதைக்கூடச் சொல்ல வேண்டுமா என்ற வீம்பு. பிறகு காத்திருப்பது வலியைவிட ஜாஸ்தியானது, அதனால்தான் வந்துவிட்டேன். இப்போது இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். தை பிறந்ததும் ஆபரேஷன். அக்கா வந்து கூட இருப்பாள். நீங்கள் வர வேண்டாம்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நொண்டாமல் நீங்கள் போவதைக் கண் மறையும்வரை பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷத்தோடு அழுகையும் வந்தது. ஆனால் நான் திரும்பி வரப்போவதில்லை.

மார்கழிப் பனியில் எழுந்த உடனே ஆட்டோவை எடுக்காதீர்கள். போர்வைக்குள் இருந்தபடியே கணுக்காலை ஆட்டி, முட்டியை மடக்கி நீட்டி, சூடேறிய பிறகு எழுந்திருங்கள். இத்தோடு ஒரு வருஷத்துக்கு உண்டானது எல்லாம் சொல்லிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

சந்திரகலா


அடி அண்ணாமலை
30.1.2024

அன்புள்ள கலா,

எப்படி இருக்கிறாய்?

இதற்கு முன் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. பொங்கல் முடிந்ததும் பாண்டிச்சேரிக்கே வந்தேன். கீழ்வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள், எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்றார்கள். உன் வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நேற்று டவுனில் எழிலரசி என்று ஒரு பிஸியோவிடம் போனேன். முட்டிக்கு இல்லை. இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துத்தான் படுக்க வேண்டுமாம். தாழ்வாக உட்காரக் கூடாதாம், குனியக் கூடாதாம். முதலில் காலைத் தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமாம். பொறுமையாகச் செய்து காட்டினார். நானும் செய்து பார்த்தேன். அப்புறம், "உங்க வீட்டம்மாவுக்கு எந்தப் பக்கம், இடதா வலதா?"னு கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை கலா.

நீ வர வேண்டாம். என்னைக் கூப்பிடவும் வேண்டாம். எந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடு.

முருகவேல்