தரையைப் பார்க்காமல் விழுவது

ஜூலை 3, சனி
காலையிலிருந்து சாரல். அமரவிளையில் சைக்கிள் சங்கிலி கழன்றது. இந்த எல்லைப் பகுதியைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்கும் பாறசாலைக் கூட்டத்துக்குத் தடை உத்தரவு. செய்தி இல்லாமல் திரும்பும் வழியில் ஒரு தறிக் கொட்டகைக்குள் தொப்தொப்பென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். ஓணத்து நாடகத்துக்குப் பையன்கள் விழப் பழகுகிறார்கள். போர்க்களக் காட்சியாம். பழக்குபவர் ஞானதாஸ். நாற்பது வயதிருக்கும். இப்போது நெசவு, முன்பு நாடகக் கம்பெனியில் கத்திச்சண்டை.

"எலே, கை ஊணாதே! எலும்பு பொடிஞ்சு போவும். முட்டு, இடுப்பு, தோள். அப்பிடியே சாயணும். மூச்ச விட்டுட்டு விழு."

"மூச்ச விட்டா செத்துருவேனே அண்ணே."

"செத்தவனாட்டுதானே மக்கா நீ நடிக்கே!"

கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தந்தார். நல்ல மனிதர்.

சாயங்காலத் தபாலில் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பினேன். நாடகம் என்று எழுதினால் உள்பக்கத்தின் அடியில் போடுவார்கள். 'அடிபட்டு விழுந்தாலும் காயப்படாதிருக்க எல்லைக் கிராமத்தில் வாலிபர்களுக்குப் பயிற்சி' என்று தொடங்கினேன். கொட்டகை, ஊர், பழக்குபவர் பெயர் எல்லாம் சரியாக. ஒரு வரியும் பொய் இல்லை. நாடகம் என்ற சொல் மட்டும் இல்லை.

ஜூலை 6, செவ்வாய்
நல்ல வெயில். முன்பக்கத்தில் வந்துவிட்டது. என் பெயர் இல்லை, 'நமது நிருபர்' என்று மட்டும். ஆசிரியரிடமிருந்து பாராட்டுத் தந்தி. குடையைத் தபாலாபீசில் மறந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 8, வியாழன்
நேற்று ஞா.வைப் போலீஸ் கொண்டுபோயிருக்கிறது. டீக்கடையில் கேட்டது:

"கொட்டகையில போராட்டத்துக்கு வாலண்டியர் டிரில் ஆக்கும். பேப்பர்ல போட்டிருக்கு."

"நம்ம ஞானதாசா? அவன் ஓணத்துக்கு ராஜா வேசம் கெட்டுகவன் வேய்!"

"எந்தப் புண்ணியவான் எழுதினானோ."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். திருத்தம் எழுதி அனுப்பினேன். நாடகம் என்ற சொல் மூன்று இடத்தில்.

ஜூலை 10, சனி
ஞா.வை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனேன். காறை எலும்பு முறிவு. இடது கை கழுத்தில் கட்டிய துணியில். மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லோரிடமும் அப்படித்தான் இருப்பார் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

"'வீழான் படிப்பிக்குந்நது நீயல்லே? எந்நா ஒந்நு வீழடா'ன்னான் போலீசுக்காரன். விழப் பழக்குகவன் நீதானே, ஒருக்கா விழு பாப்பம்னு. சிமிட்டித் தரை. விழுந்தேன். எழும்பச் சொன்னான். பின்னயும் விழச் சொன்னான். முதல்ல எல்லாம் நல்லாத்தான் விழுந்தேன் சாரே. கடைசியில உடம்பு மறந்து போச்சு. கை ஊணிட்டேன்." சிரித்தார். "பயலுவ கேட்டா மானம் போவும்."

நான் சிரிக்கவில்லை.

"எழுதினவன் எவன்னு உங்களுக்குத் தெரியாம இருக்குமா சாரே? நீங்க பேப்பர்காரன்மாரு."

"விசாரிக்கிறேன்" என்றேன்.

விசாரிக்கிறேன்! எழுதவே கை கூசுகிறது.

ஜூலை 14, புதன்
குடை கிடைத்தது. கம்பி ஒன்று போய்விட்டது. திருத்தம் வராது, இடமில்லையென்று ஆசிரியர் கடிதம். மறுபடி எழுத வேண்டும்.

கொட்டகையில் மீண்டும் பயிற்சி. ஞா. பெஞ்சில் உட்கார்ந்தபடி வாயால் பழக்குகிறார். இரண்டு பையன்களைத் தகப்பன்மார் அனுப்பவில்லை.

"சாரே, சாவதுக்கு ஆள் குறையுது. வாறீங்களா?" பையன்கள் சிரித்தார்கள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். விழுந்தேன். முழங்கை உரிந்தது.

"தரையப் பாத்துட்டு விழுகீங்க. எங்க விழணும்னு கணக்குப் போடப்பிடாது." வலது கையை நீட்டித் தூக்கிவிட்டார்.

மறுபடி. இடுப்பில் வலி.

"மூச்ச அடக்கி வச்சிருக்கீங்களே சாரே. விடுங்க."

தரையில் கிடந்தபடியே சொன்னேன்: "அதை எழுதினது நான்தான். நாடகம் என்ற சொல்லைத் தெரிந்தே விட்டுவிட்டேன்."

ஞா. கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்.

"எழும்புங்க" என்றார். கை நீட்டவில்லை. நானே எழுந்தேன்.

"பின்னயும் விழுங்க."