காய்ச்சல் இல்லாவிட்டாலும்

என் தங்கைக்கு,

உனக்கு நான்காம் மாதம் என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்கமாட்டேன்.

உங்கள் தெருவில் கட்டடம் கட்டுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்தே போட்டிருக்கிறார்களாம், ஒரே கொசுவாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும் மலேரியா பரிசோதனை செய்துகொள். முதல் கர்ப்பத்தில் ஆபத்து அதிகம். உடம்பு சுடாமலே கிருமி நஞ்சுக்கொடியில் தங்கிவிடும். கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது.

எனக்கும் அசதி மட்டும்தான் இருந்தது. “மாசமா இருந்தா அப்படித்தான்டி இருக்கும்” என்றாள் அம்மா. ஒன்பது வருஷமாக ஆய்வுக்கூடத்தில் ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறவள் நான். என் விரலைக் குத்திப் பார்க்கத் தோன்றவில்லை. ஏழாம் மாதம் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மலேரியாதான் காரணம் என்று அம்மாவிடம் சொல்லாதே, தன்னால்தான் என்று உடைந்துபோவாள்.

அவர் இப்போது தன் அண்ணன் வீட்டில் தங்குகிறார். வேலைக்கு அங்கிருந்து பக்கமாம். நான் ஒருத்திக்கு மட்டும் சமைக்கப் பழகிவிட்டேன்.

குழந்தை பிறந்ததும் என்னைக் கூப்பிடு. நான் அழமாட்டேன். அழுதாலும் பரவாயில்லை என்று என் கையில் கொடு.

உன் அக்கா