மொழிபெயர்க்கத் தேவையில்லாத சொல்

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் போனில் சொல்லப் பயமாக இருக்கிறது. மாமாவைப் பிடித்துத் தரச் சொல்லி அந்த வெளிநாட்டுப் போலீஸ் கேட்டது நியாயமா என்று, உன் புகாரின் பேரில் வியாழக்கிழமை விசாரிக்கப்போவது எங்கள் அலுவலகம்தான். நீ என் அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்று அந்த நாட்டு அதிகாரி எங்கள் இயக்குநர் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். விசாரணை முடியும்வரை இருவரும் தனியாகச் சந்திக்கவே கூடாது. நான்தான் மொழிபெயர்த்தேன், வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் பேச்சின் நடுவே ஒரு சொல் மட்டும் நம் மொழியில் வந்து விழுந்தது: "ஒட்டடக்குச்சி."

நான் வாயைத் திறக்கும் முன்பே இயக்குநர் சிரித்துவிட்டார். "அவனா? வியாழக்கிழம இங்கதான் வர்றான். வாசல்லயே பாத்துக்கலாம்னு சொல்லும்மா."

மாமாவை அப்படிக் கூப்பிடுவது நீ ஒருத்திதான். அதை நீ எழுதியது எங்களுக்கு அனுப்பிய புகாரில் மட்டும். அந்தப் புகார் எங்கள் அலுவலகத்தைத் தாண்டியிருக்கக் கூடாது.

"அவர் வரமாட்டார், வக்கீல்தான் வருவார்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன். நம் வீட்டின் முதல் பட்டதாரி தெரிந்தே தப்பாக மொழிபெயர்த்தாள்.

அதை நீதான் உண்மையாக்க வேண்டும். மாமா வரவே வேண்டாம், வீட்டிலும் இருக்க வேண்டாம். வக்கீல் மட்டும் வந்து, அந்தச் செல்லப்பெயர் எல்லை தாண்டியது எப்படி என்று விசாரணைக் குழு முன்னால் கேட்கட்டும். அதிகாரியும் அங்கே இருப்பார். வேலை போனாலும் சரி, ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்ப்பேன்.

உன் வாயில்லாப் பூச்சி