ஜாசிந்த்துக்குப் பின்னால் நின்ற பெட்டி

மார்ச் 7, சனி

பெட்டி வந்துவிட்டது! கிங்ஸ்டனில் மீனை இறக்கிவிட்டு காலியாகத் திரும்பும் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். எட்டு ஸ்பீக்கர், ஒவ்வொன்றும் பத்து அங்குலம். நிறுத்தினால் என் மோவாய் உயரம். நானும் எங்கள் டிரம்மர் ஃபிட்ஸ்ராயும் தெருவில் போன இரண்டு பேரும் சேர்ந்துதான் இறக்க முடிந்தது. பேஸ் கிட்டார் வாசிப்பவர்கள் இதை ஃபிரிட்ஜ் என்றுதான் சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, புது ஃபிரிட்ஜா என்றார்கள்.

ஜாசிந்த் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள மீன் வைக்கலாமா?" என்றாள்.

இருபது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்தி, என் குழுவிலேயே பாடுகிறவள் கேட்கிற கேள்வியா இது? ஆனால் சிரித்துவிட்டேன். இன்று யார் என்ன சொன்னாலும் சிரிப்பேன்.

பழைய பெட்டிக்கு இரண்டே ஸ்பீக்கர். தரையில் வைத்தால் என் முழங்காலுக்கு மட்டும்தான் வாசித்துக் காட்டும். அதை ஒரேயடியாக மூலைக்குத் தள்ளியாயிற்று.

மார்ச் 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துப் பார்த்தேன். பழைய பெட்டியையும் கூடச் சேர்த்துப் போட்டால் என்ன என்று ஃபிட்ஸ்ராய் ஆசை காட்டினான். ஆம்ப்பின் பின்பக்கம் நாலு ஓமுக்குக் கீழே போகாதே என்று எழுதியிருக்கிறது. புதுப் பெட்டி தனியாகவே நாலு ஓம். இரண்டையும் போட்டால் அதற்கும் கீழே இறங்கி ஆம்ப் புகைந்துவிடும். கிட்டார் வயரையே குத்தலாம் என்றான் அடுத்து. இவனை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்ய முடியாது. தடித்த ஸ்பீக்கர் வயர்தான் போட்டேன்.

பிறகு எங்கள் ஊர்ப் பரீட்சை. ஃபிட்ஸ்ராய் சந்திவரை நடந்துபோய் மிஸ் பேன்ஸி கடைக்குப் பக்கத்துத் தகர வேலியில் காதை வைப்பான். தகரம் அதிர்ந்தால்தான் பேஸ் பேஸ். இல்லையென்றால் கொசு.

போன் செய்தான். "தகரம் பேசுது ஹோப்பி. இன்னும் கொஞ்சம் ஏத்து, பாடட்டும்."

ஏற்றினேன். பாடியது. மிஸ் பேன்ஸி அலமாரிப் புட்டிகளைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டினாளாம். இந்த மாவட்டத்தில் ஒரு பேஸ்காரனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் யாரும் தரப்போவதில்லை.

ஏப்ரல் 6, ஈஸ்டர் திங்கள்

அனாட்டோ பே ஹாலில் நடனக் கச்சேரி. புதுப் பெட்டியின் அரங்கேற்றம்.

கிளம்பும்போதே வேனில் தகராறு. பெட்டியை ஏற்றினால் இடமில்லை. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். டிரம்மை விட முடியாது, கீபோர்டை விட முடியாது. மிஞ்சியது மானிட்டர் - ஜாசிந்த்தின் காலடியில் சாய்ந்து உட்கார்ந்து அவள் குரலை அவளுக்கே கேட்கச் செய்யும் ஸ்பீக்கர். நான் அவளைப் பார்த்தேன். "பரவாயில்ல, சமாளிச்சுக்கிறேன்" என்றாள். வராந்தாவில் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

மேடை குறுகல். பெட்டியைச் சுவர் மூலையில், அவளுக்கு நேர் பின்னால் நிறுத்தினேன். உனக்குப் பின்னால் மலை மாதிரி நிற்கும் என்றேன். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், சத்தம் இரட்டிப்பாகத் திரும்பி வரும். ஆனால் டிரம்முக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற எனக்கு என் வாசிப்பு சரியாகவே கேட்கவில்லை. அதனால் ஏற்றினேன். இரண்டாவது பாட்டில் இன்னும் ஏற்றினேன். ஒரு கிழவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வந்து, இதய வைத்தியர் செய்யாததை நீ செய்துவிட்டாய் என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

திரும்பி வரும்போது ஜாசிந்த் இஞ்சித் தண்ணீர் கேட்டாள். ரொம்ப முழங்கிவிட்டது, கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றாள். அது ஹாலின் குற்றம். கான்கிரீட்.

ஏப்ரல் 19

ஜாசிந்த்துக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. சளி. பாகற்கொடிக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

மே 23, சனி

ஹைகேட் பள்ளி மைதானத்தில் கச்சேரி. மானிட்டர் இன்றும் வரவில்லை, அதே வேன்தானே.

நாலாவது பாட்டில் ஜாசிந்த் திரும்பி, உள்ளங்கையைக் கீழே பார்த்து அழுத்திக் காட்டினாள். குறை என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் பேஸைக் குறைக்கச் சொல்வது, சமைத்தவளிடம் தட்டைத் தொடாமலே திருப்பி நீட்டுவது போல. ஃபிட்ஸ்ராயைப் பார்த்தேன். அவனும் பல்லைக் காட்டிவிட்டு இன்னும் ஓங்கி அடித்தான். அடுத்த பாட்டில் மறுபடி அழுத்திக் காட்டினாள். நான் டிரம் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அவள் திரும்பவில்லை. நல்ல கச்சேரி. சனம் போகவே மனமில்லாமல் நின்றது.

ஜூன் 14, ஞாயிறு

கோயிலில் இன்று தனிப்பாட்டு ஜாசிந்த்துக்கு. பதிமூன்று வயதிலிருந்து அந்த இடத்தில் நின்று பாடுகிறாள். மேலே ஏறும் அடி வந்தது - குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் காற்று.

புன்னகைத்தபடியே நின்றாள். முன்வரிசையில் யாரோ அந்த அடியைப் பிடித்தார்கள், அப்புறம் கோயில் முழுவதுமே எழுந்து அவளுக்காகப் பாடியது. எங்கள் சனம் அப்படித்தான், ஒருவர் விழுந்தால் நாலு பேர் தாங்குவார்கள். ஆனால் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எனக்கு முன்னால் தனியாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சோறும் பட்டாணியும் அடுப்பிலேயே ஆறியது. சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள், காலையில் எழுந்தால் பேச்சு வரவே மதியம் ஆகிறதாம். எப்போதிலிருந்து என்றேன். ஈஸ்டரிலிருந்து என்றாள்.

சளி இத்தனை நாள் இருக்குமா?

ஜூலை 2

கிங்ஸ்டனில் தொண்டை டாக்டர். மெல்லிய குழாயில் கேமரா வைத்து மூக்கு வழியாக விட்டு, திரையில் எங்களுக்கும் காட்டினார். குரல் நாண்கள் இரண்டிலும், ஒன்றுக்கொன்று எதிரே, தடிப்பு. என் விரல் நுனியில் கம்பி அழுத்தி அழுத்தி வந்திருக்கிறதே, அதே காய்ப்பு. ஒரு பக்கத்தில் ரத்தமும் கட்டியிருக்கிறது.

எங்கே பாடுகிறீர்கள், சத்தம் அதிகமான இடமா என்று டாக்டர் கேட்டார். குழுவில் என்றாள் ஜாசிந்த். பாடும்போது உங்கள் குரல் உங்களுக்குக் கேட்குமா என்றார். அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

நான்தான் பதில் சொன்னேன். கேட்காது என்றேன்.

"தன் குரல் தனக்குக் கேக்கலேன்னா யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க. அது அவங்க கையில இல்ல" என்றார் டாக்டர். திட்டவில்லை. சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்.

பாடவே கூடாது. பேசவும் கூடாது. குறையாவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பிறகும் பழைய குரல் வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாதாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பேசக் கூடாது என்றுதான் பேசவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூலை 5, ஞாயிறு

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. பாத்திரம் கழுவும்போதுகூட அவள் முனகுவாள். அது இல்லாமல் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது.

அவள் தங்கை வீட்டுக்குப் போனதும் பெட்டியை முற்றத்துச் சுவர் மூலைக்கு இழுத்தேன். ஆம்ப்பை ஈஸ்டர் அன்று வைத்த அளவுக்கே வைத்தேன். ஃபிட்ஸ்ராய் பேஸைத் தட்டிக்கொண்டிருக்க, நான் போய் அவள் நிற்கும் இடத்தில் நின்றேன். முதல் தடவை. இந்தக் குழு தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவை. பாடினேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் உரக்க. கேட்கவில்லை. ஃபிட்ஸ்ராய் வாசிப்பதை நிறுத்திவிட்டு, ஏன் இப்படிக் கத்துகிறாய், நாய் பயப்படுகிறது என்றான். நான் கத்துவதே எனக்குத் தெரியவில்லை.

என்ன மனுஷன்டா நான்? தகரம் பேசுதான்னு பாக்கச் சந்தி வரைக்கும் ஆளு அனுப்பத் தெரிஞ்சுது - மூணு எட்டு முன்னால போய் நிக்கத் தெரியலையே. கட்டின பொண்டாட்டி கையை ஆட்டிக் காட்டுறா, நான் பல்லைக் காட்டிட்டு நிக்கிறேன். டிரம் பக்கம் திரும்பிக்கிட்டேனே. தெரிஞ்சுதானே திரும்பினேன்?

தெரிஞ்சுதான்.

ஜூலை 18, சனி

ஃபிரிட்ஜைக் கொடுத்துவிட்டேன். இஸ்லிங்டனிலிருந்து ஒருவன் வந்தான், தெருவில் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டுப் பாட்டுப் போடுகிறவன். வாசலுக்கு வெளியே தூரமாய்ப் போய் நின்று கேட்டுவிட்டுத் தலையாட்டினான். தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எடுத்துக்கொள்ளடா சாமி, உன் தெருவில் பாட வேண்டியவர்கள் யாரும் இல்லை.

பழைய பெட்டியைத் தூசி தட்டி எடுத்தேன். பீர் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து, அடியில் மரக்கட்டை கொடுத்துப் பின்னால் சாய்த்தேன். இப்போது என் காதைப் பார்க்கிறது. சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி வைத்தேன். அடி ஒலியைக் குறைத்து, நடு ஒலியைச் சற்றே ஏற்றினேன். பாதிச் சத்தத்தில் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கிறது. கிழங்கு வேகும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யத்தான் எனக்குக் கை வரவில்லை.

ஜாசிந்த்தைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பட்டாணி உரித்த கிண்ணத்தோடு நின்று கடைசிவரை கேட்டாள். நன்றாயிருக்கிறது என்பதுபோலத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 6

சுதந்திர தினம். போர்ட் மரியா கச்சேரியில் பாட்டில்லாமல் வாசித்தோம். ஜாசிந்த் எங்கே, ஜாசிந்த் எங்கே என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று ஆளாளுக்கு ஒரு ஊர் சொன்னேன்.

செப்டம்பர் 24

தடிப்பு குறையவில்லை, போன மாதம் ஆபரேஷன் செய்தார்கள். இன்று டாக்டரிடம் கடைசிப் பரிசோதனை. பேச்சு வந்துவிட்டது. கரகரப்பு, ஆனால் பேச்சு. பாடும்போது உச்சச் சுரங்கள் இனி வராது என்று சொல்லிவிட்டார்.

ஜாசிந்த் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை கோயில்ல, கூட்டத்தோட கூட்டமா பாடலாமா?"

பாடலாமாம். மெதுவாக.

போன் செய்து ஃபிட்ஸ்ராயிடம் அவளே சொன்னாள், குழுவுக்கு வேறு பாட்டுக்காரியைப் பார்த்துக்கொள் என்று. அவன் அழுதான். அவளே அவனைத் தேற்றினாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, மாற்றத் தேவையில்லாத கம்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, சனி

புதுப் பாட்டுக்காரி வந்தாள். பெயர் டஷானா, ஒராகபெஸ்ஸா பெண், இருபத்து மூன்று இருக்கும். எங்கள் முற்றத்தில்தான் ஒத்திகை. பெட்டி கிரேட் மேல், மானிட்டர் அவள் காலடியில், எல்லாம் சரியாகவே வைத்திருந்தேன்.

முதல் பாட்டில் மூன்றாவது அடிகூட முடியவில்லை, பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அங்கிள், பேஸ் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. குறைக்கிறீங்களா?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் குறைத்துவிட்டேன். போதுமா என்று வேறு கேட்டேன். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை, மறுபடி பாட்டைத் தொடங்கிவிட்டாள். ஃபிட்ஸ்ராய்தான் என்னைப் பார்க்காமல் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜாசிந்த் எலுமிச்சைத் தண்ணீர்த் தட்டோடு படியில் நின்றிருந்தாள். பிறகு இறங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தாள், டஷானாவிடம் தண்ணீர் அதிகம் குடி, தொண்டை காயவிடாதே என்றாள். நல்ல ஒத்திகை. பெண்ணுக்கு நல்ல குரல்.

எல்லோரும் போன பிறகு நான் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஜாசிந்த் டம்ளர்களைப் பொறுக்க வந்தாள். ஆம்ப்புக்குப் பக்கத்தில் வந்ததும் குனிந்து, முகப்பிலிருந்த சத்தக் குமிழை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் சொன்னப்பவும் அந்தக் குமிழ் இங்கேதானே இருந்துச்சு, ஹோப்பி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. புதிதாய் வந்திருக்கிற கரகரத்த குரலில், சாதாரணமாகத்தான் சொன்னாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.