திருப்பிப் படிக்காத எண்

புயல் எச்சரிக்கை வந்ததால், சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒன்றாகக் கட்டி வைக்க நேற்று மாலை பரணிலிருந்து அந்த மஞ்சள் பையை இறக்கினேன். தண்ணீர் புகாத பை. வாயை மூன்று மடிப்பு சுருட்டிக் கொக்கியை மாட்டினால் கடலில் விழுந்தாலும் மிதக்கும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, ஒரே நாளில் ஆளுக்கொன்று வாங்கினோமே, அதில் என்னுடையது. மடிப்பைப் பிரித்ததும் ரப்பர் வாடையும் உப்பும் எழுந்தன. அவற்றுக்கு அடியில் நீ தேய்த்துக்கொண்ட வெயில் களிம்பின் தேங்காய் மணம். என் பைக்குள் உன் களிம்பு மணம் எப்படி வந்தது என்றுதான் முதலில் யோசித்தேன். நீ போய் ஓராண்டு ஆகிறது. இன்னும் என் புத்தி இப்படித்தான் ஓடுகிறது.

உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ராயபுரத்தில், ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்க வேலை பார்த்துக்கொடுக்கும் அந்தக் கிளியரிங் அலுவலகத்தில் நான் மேசையில், நீ யார்டில். தொழிற்சாலையில் சரக்கேற்றிப் பூட்டிய கன்டெய்னர் துறைமுகத்துக்குள் போகும் முன் திருவொற்றியூர் யார்டில் வந்து நிற்கும். கதவில் அடித்திருக்கும் இரும்பு சீலின் எண்ணை நீ பார்த்துப் போனில் சொல்ல வேண்டும். நான் அதை உனக்குத் திருப்பிப் படித்துக் காட்டிவிட்டுக் கணினியில் ஏற்றி, நேரில் பார்த்தது என்ற கட்டத்தில் குறி போட வேண்டும். "நம்பர மட்டும் பாத்தா பத்தாதுடி, புட்ச்சி இழுத்துப் பாக்கணும்" என்பாய். சில சீல்கள் பூட்டியது மாதிரியே இருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும்.

அன்று துறைமுக வாயிலில் வண்டியை உள்ளே விடும் நேரம் முடியப்போகிறது, உன் அழைப்பு வரவில்லை. தொழிற்சாலை காலையில் அனுப்பியிருந்த மின்னஞ்சலில் இருந்த எண்ணையே ஏற்றி, குறியும் போட்டுவிட்டேன். பத்து நிமிடம் கழித்து நீ அழைத்து எண்ணைச் சொன்னபோது நான் காதில் வாங்கவே இல்லை. "சரி, போட்டாச்சு" என்றேன். நீ உடனே வைக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓயும்வரை லைனில் இருந்தாய். முதல் சீல் சரியாக விழவில்லை என்று தொழிற்சாலையில் வேறொன்றை அடித்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாயிலில் எண் பொருந்தாமல் வண்டி நின்றுவிட்டது. மூன்றாம் நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, நான் செய்தது எல்லாம் தெரியும் என்றார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு என்னை மாற்றினார்.

தொழிற்சாலைக்காரர்கள் சொல்லியிருக்கலாம். அல்லது நீ.

நாம் இருவரும் தாய்லாந்துக்குச் சுற்றுலா போக டிக்கெட் போட்டது இதற்கெல்லாம் ஐந்து மாதம் முன்பு. ரத்து செய்ய முடியாத டிக்கெட். இருந்தாலும் உடம்பு சரியில்லை என்று உன்னால் சொல்லியிருக்க முடியும், நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் இரண்டு வாரம் யோசித்தேன். என்னைச் சமாதானப்படுத்தவா? எனக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கவா? நானும் சொல்லவில்லை. உன்னைக் கவனிப்பதற்காகவே வந்தேன் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தீவுகளை முதலில் பார்த்தபோது நான் பையைத் தோளிலிருந்து இறக்க மறந்து நின்றேன். பச்சைத் தண்ணீரிலிருந்து நேராகக் கிளம்பி நின்ற சுண்ணாம்புப் பாறைகள், உச்சியில் மரங்கள், அடியில் அலை தின்று உள்வாங்கிய பள்ளம். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துவிட்டு, "இத்தினி பெரிய கல்ல நம்ம எண்ணூர் ரோட்டாண்ட கொட்டி இருந்தா கடல் உள்ள வந்திருக்குமா?" என்றாய். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது.

வழிகாட்டி நம் இருவரையும் பார்த்தான். வியாசர்பாடி மைதானத்தில் பந்து உதைத்த உன் தோளையும் காலையும் பார்த்தான். உன்னைக் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகின் பின்னிருக்கையிலும் என்னை முன்னிருக்கையிலும் உட்கார வைத்தான். நீச்சல் தெரியுமா என்று அவன் சைகையில் கேட்டதற்கு, "தண்ணின்னா எனக்கு லாரித் தண்ணிதாம்பா தெரியும்" என்று தமிழிலேயே சொன்னாய். அவனுக்கு என்ன புரிந்ததோ, உன் மிதவைச் சட்டையின் வாரை இன்னும் இறுக்கிவிட்டான்.

இரட்டைக் கயாக்கில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்க முடியாது. எனக்கு அதைவிடப் பொருத்தமான தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது. யாரைக் கவனிக்க வந்தேனோ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். முதல் தீவைச் சுற்றியதுமே படகு கனத்தது. நீ துடுப்புப் போடவில்லை என்று தோன்றியது. உன் துடுப்பு தண்ணீரில் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தேன். சில சமயம் கேட்டது, சில சமயம் இல்லை. நீ உதட்டுக்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாய். ஒருமுறை சட்டென்று திரும்பினேன். படகு ஆடி, இருவரும் கவிழ இருந்தோம். "இன்னாடி, பூச்சி கீச்சி கட்ச்சிச்சா?" என்றாய். உன் துடுப்பு தண்ணீரில்தான் இருந்தது. நான் திரும்பும் நேரத்தில் நனைத்துக்கொண்டாய் என்று முடிவு கட்டினேன்.

மாலையில் ஒரு சிறிய மணல்திட்டில் கூடாரம் போட்டோம். பின்னால் செங்குத்தான பாறை, முன்னால் கடல். மற்ற படகுகளில் வந்த வெளிநாட்டினர் படம் எடுத்துக்கொண்டிருக்க, நீ வழிகாட்டியோடு சேர்ந்து மீனைச் சுட்டுக்கொண்டே கைகளால் பேசிக்கொண்டிருந்தாய். இடையில் இருவரும் என் பக்கம் பார்த்தீர்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சாப்பிடும்போது என் தட்டுக்கு முள்ளில்லாத துண்டு வந்தது, அதையும் கணக்கில் வைத்தேன். காரணமில்லாமல் நல்லது செய்கிறவர்களை நம்பக் கூடாது என்பது என் அப்போதைய கொள்கை.

விடிந்து கூடாரத்தைவிட்டு வெளியே வந்தால் என் மஞ்சள் பையைக் காணவில்லை. நீ எனக்கு முன்பே எழுந்து கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். பை ஒரு மரக்கிளையில், உன் ஷூ நாடாவால் கட்டித் தொங்கியது. குரங்கு வரும் என்று வழிகாட்டி சொன்னானாம். நான் பையை இறக்கி, உன் கண்ணெதிரிலேயே உள்ளே இருந்ததையெல்லாம் மணலில் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நான் முடிக்கும்வரை நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பாத்து முட்ச்சிட்டியா? கொறஞ்சா கொரங்கு பேர்ல எழுதிக்கோ."

குறையவில்லை. களிம்பு பூசிய கையால் பையைக் கட்டியிருப்பாய். மணம் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். இப்போதுதான் தோன்றுகிறது.

அன்று காலை குகைக்குப் போனோம். பாறையின் அடியில் தாழ்வான ஒரு வாய். கடல் இறங்கும் நேரத்தில் மட்டும் அதன் வழியே நுழைந்து, பாறை நடுவே இருக்கும் குளத்துக்குப் போகலாம். கூரை மூக்கை உரசும் என்பதால் முன்னால் இருப்பவர் மல்லாக்கச் சாய்ந்துவிட வேண்டும். அப்படிச் சாய்ந்தால் தலை பின்னால் இருப்பவரின் முழங்கால்மேல் வந்துவிடும். வழிகாட்டி தன் விளக்கோடு முன்னே போய்விட்டான். கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. கூரை முழுக்கச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. என் முகத்துக்கு நேர் மேலே உன் இரண்டு உள்ளங்கைகளும் கூரையைத் தள்ளித் தள்ளிப் படகை நகர்த்துவதை, பார்க்க முடியாமல், மூச்சுச் சத்தத்தில் உணர்ந்தேன். அந்த இருட்டில் கேட்டேன்.

"நீயா சொன்ன?"

"ஆமா."

தயங்கவே இல்லை. மறுப்பாய் என்றுதான் ஆறு வாரமாக என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். மறுத்தால் என்ன கேட்பது என்று பத்துக் கேள்வி வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே என்றேன்.

"சொல்லிருந்தா வேணாம்னு சொல்லிருப்ப. நீ வேணாம்னு சொன்ன அப்பால என்னால வாயத் தொறந்திருக்க முடியாது." இன்னொரு முறை கூரையைத் தள்ளினாய். "டிரைவர் நைனாவ திருடன்னு ஒக்கார வெச்சிட்டானுங்கடி. ரெண்டு நாளு. நீ பாத்துகினே இருந்த."

அப்புறம், மெதுவாக, "அன்னிக்கி திருப்பிப் படின்னு நானும் உன்ன கேக்கல. அதயும் சேத்துத்தான் சொன்னேன்."

இவ்வளவு எழுதியும் அந்த டிரைவரைப் பற்றி இதுவரை நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தாயா? அத்திப்பட்டிலிருந்து வருகிறவர், ஐம்பது வயதிருக்கும். எண் பொருந்தாததால், வழியில் சீலை உடைத்துச் சரக்கைத் தொட்டிருக்கிறார் என்று அவரைப் பிடித்து வைத்து இரண்டு நாள் விசாரித்தார்கள். என்ன நடந்திருக்கும் என்று முதல் நாள் மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது. தானாகச் சரியாகிவிடும் என்று மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

குகை முடிந்து வெளிச்சம் வந்தது. சுற்றிலும் பாறைச் சுவர், மேலே வட்டமாக வானம், நடுவில் அசையாத தண்ணீர். எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். நான் உன் கைகளைப் பார்த்தேன். சிப்பி கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம்.

திரும்பும்போது எதிர்க்காற்று. நான் துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டேன். களைப்பால் அல்ல, வேண்டுமென்றே. உனக்காக ஒரு முறைகூடத் தண்ணீரைத் தொடக் கூடாது என்று. நீ முன்னால் இருக்கும் என் முதுகையும் சும்மா கிடந்த என் துடுப்பையும் பார்த்துக்கொண்டே, கிழிந்த கையோடு கரைவரை தனியாக இழுத்தாய். பாட்டு முணுமுணுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் வேலைக்கு வேண்டிய அளவு மட்டும் உன்னோடு பேசினேன். மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை நீ வரவில்லை. வேறு இடத்துக்கு இன்டர்வியூ போயிருப்பாய் என்று நினைத்தேன். செவ்வாயும் வரவில்லை, அப்போது அது உறுதியாகிவிட்டது. போன் செய்யவில்லை. புதன்கிழமை உன் தம்பி அழைத்தான். காய்ச்சல் என்றான். ரத்தத்தில் அணுக்கள் குறைந்து, காலையில் முடிந்துவிட்டது என்றான்.

வியாசர்பாடியில் உன் வீட்டுக்கு மூன்று மாடி ஏறி வந்தேன். வாசலில் உன் ஷூ இருந்தது, அதில் ஒன்றுக்கு நாடா இல்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான அந்தக் கடலுக்குப் போன தோஸ்து? சொல்லிகினே இருப்பாம்மா. திரும்பி வரசொல்ல ஒரே காத்தாம், நீ இல்லன்னா கரை சேந்திருக்க மாட்டோம், ரெண்டு பேரும் சேந்து இழுத்தோம்னு."

முதலாளியிடம் என்னைப் பற்றி உண்மையைச் சொன்ன நீ, வீட்டில் என்னைப் பற்றி இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாய். இரண்டையும் ஒரே ஆள்தான் சொன்னாள் என்பதை என்னால் வெகுநாள் சேர்த்து வைத்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு உன் தம்பி உன் போனில் இருந்த படங்களை அனுப்பினான். வழிகாட்டி முதல் நாள் உன் போனை வாங்கிப் பின்னாலிருந்து எடுத்தவை. ஒன்றில் நான் முன்னால் குனிந்து மூச்சு முட்டத் துடுப்புப் போடுகிறேன். பின்னால் நீ துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி, அவன் பக்கம் திரும்பி, என்னைக் கட்டைவிரலால் காட்டிச் சிரிக்கிறாய். ஆக, அன்று என் சந்தேகம் சரிதான். நீ துடுப்புப் போடவில்லைதான். படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அப்புறம் நெடுநேரம் அழுதேன். உன்மேல் நான் கொண்ட சந்தேகங்களில் பாதிக்குமேல் உண்மையாகத்தான் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு உன்னைத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்த வழிக்குப் படம் இல்லை. அதற்கு என்னைத் தவிர இப்போது சாட்சியும் இல்லை.

உன் இடத்துக்கு, யார்டுக்கு, என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த டிரைவர் வாரத்துக்கு இரண்டு தடவை வருவார். இத்தனை மாதமும் சீலைப் பார்ப்பேன், அவரைப் பார்க்க மாட்டேன். இன்று காலை மழைக்கு முன் அவர் வண்டி வந்தது. நேற்று அந்தப் பையைத் திறந்ததுதான் காரணமோ என்னவோ, அவரிடம் போய், அன்றைக்கு எண்ணைத் தப்பாக ஏற்றியது நான்தான் அண்ணே, தெரிந்தும் சும்மா இருந்தேன் என்று சொன்னேன். அவர் கைப்பிடியைப் பிடித்தபடி கேபினிலிருந்து இறங்கி நின்றார்.

"தெரியும்மா."

நீதான் சொல்லியிருப்பாய் என்று உடனே நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு சொல்லல. நீ என் மூஞ்சப் பாக்காம போவசொல்லவே தெரிஞ்சிச்சி." பிறகு கன்டெய்னர் கதவைக் காட்டினார். "மழ வருது. சீலப் பாரு."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் சீலைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். அலுவலகத்துக்கு போன் செய்து, மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணிடம் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"சரிக்கா, போட்டாச்சு" என்றாள். நான் கடைசி எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்கு முன்பே.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. நான் வைக்கவில்லை.

"திருப்பிப் படி" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை. அந்த மௌனத்துக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். டிரைவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் அவரைப் பார்த்தேன். முதல் துளிகள் கன்டெய்னர் தகரத்தில் விழத் தொடங்கின. அவள் படிக்கும்வரை நனைந்துகொண்டே நின்றேன்.